தன்னை வரைதல்: முகமும் முகம் அல்லாதவையும்

ஜூடித் லெய்ஸ்டர் 1630 வாக்கில் ஹார்லெம் நகரில் வரைந்த சுயசித்திரம் இப்போது வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. கையில் தூரிகையோடு நாற்காலியில் சாய்ந்து, பேச்சுக்கு நடுவே திரும்பியவர்போல் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார். ஓவிய வேலைக்குச் சற்றும் ஒவ்வாத அகன்ற கழுத்துப்பட்டை. அருகே, பாதி முடிந்த ஓவியத்தில் ஒரு வயலின்காரன். அகச்சிவப்புக் கதிர்ச் சோதனையில் அந்த வயலின்காரனுக்கு அடியில் ஒரு பெண்முகம் தெரிந்தது. லெய்ஸ்டரின் முகமாகவே இருக்கலாம் என்று கருதுகிறார்கள். அப்படியானால், தன் முகத்தை ஒருமுறை வரைந்தது போதும் என்று எண்ணி, தான் ஆசையோடு வரைந்துவந்த கேளிக்கை உலகத்துக்கு அந்த இடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார். இறந்த பிறகு அவர் ஓவியங்கள் ஓவியர் பிரான்ஸ் ஹால்ஸின் பெயரில் உலவின. 1893இல்தான் அவர் பெயர் மீண்டது. நல்ல விலையுள்ள உடுப்பும் அந்த வயலின்காரனும் அவர் யார் என்பதற்கு எவ்வளவு அவசியமான சாட்சியங்கள் என்பது அதன்பிறகே புரிந்தது.

சுயசித்திரத்தின் வரலாற்றை முகச்சாயலின் வரலாறாகவே எழுதிவருகிறோம். நிலைக்கண்ணாடி, கூர்ந்த பார்வை, ஆன்ம சோதனை என்று அது நீளும். ஆனால் வரைபவர் எதை உடுத்திக்கொள்கிறார், எதைப் பக்கத்தில் வைக்கிறார், யாராக வேடம் பூணுகிறார் என்பதில்தான் அவருடைய விருப்பமும் அடையாளமும் அதிகம் வெளிப்படுகின்றன என்று நினைக்கிறேன். 1500இல் தன் 28ஆம் வயதில் டியூரர் மென்மயிர் மேலங்கியோடு, கிறிஸ்துவின் திருவுருவங்களைப்போல் நேர்முகமாகத் தன்னை வரைந்தார். சுமார் 40 முறை தன்னைத் தீட்டிய ரெம்பிராண்ட் 1661இல் திருத்தூதர் பவுலாகவே அமர்ந்தார். ஐரோப்பிய மரபின் சிகரங்களிலும் வேடம் இருக்கிறது.

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவுக்கு வேடம் ஓர் அரசியல். 1925இல் நடந்த பேருந்து விபத்து அவரைப் படுக்கையில் கிடத்தியது. கட்டிலுக்கு மேலே பொருத்திய கண்ணாடியைப் பார்த்து வரைந்தார். பின்னாளில் தெஹுவானா பெண்களின் உடையையே தன் உடையாக்கிக்கொண்டார். மணவிலக்குக்குப் பிறகு 1940இல் வரைந்த படத்தில் ஆண்களின் கோட்டு, கையில் கத்தரிக்கோல், தரையெல்லாம் வெட்டிய கூந்தல். ஒரு மண வாழ்வின் முடிவை அந்த உடை மாற்றமே சொல்லிவிடுகிறது.

நம் பக்கத்தில் இந்த வகைமையின் பெருங்கேள்வி அம்ரிதா ஷேர்-கில். தந்தை சீக்கியப் பிரபு, தாய் ஹங்கேரியர். 1913இல் புடாபெஸ்டில் பிறந்து பாரிசில் ஓவியம் கற்றவர். தந்தை உம்ராவ் சிங் பல பத்தாண்டுகள் தன்னையே புகைப்படம் எடுத்துவந்தவர். ஆகவே தன்னை ஒரு காட்சியாக அமைத்துப் பார்ப்பது அம்ரிதாவுக்கு வீட்டிலேயே கிடைத்த பாடம். 21 வயதில், 1934இல், ‘தாஹிட்டிப் பெண்ணாக நான்’ வரைந்தார். மேலாடையில்லாத பழுப்பு உடல். கைகள் முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக. பின்னே ஓர் ஆணின் நிழல். தாஹிட்டிப் பெண்களை வரைந்து புகழ்பெற்றவர் கோகேன். அங்கே பார்ப்பவன் ஐரோப்பிய ஆண். அம்ரிதா பார்க்கப்படும் பெண்ணின் இடத்தில் தன்னை நிறுத்தி, தூரிகையையும் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறார். கண்கள் நம்மைச் சந்திப்பதில்லை. நாம் பார்க்கலாம், ஆனால் அவர் நமக்காக நிற்கவில்லை. இந்திய நவீன ஓவியத்தில் இதைவிடத் துணிச்சலான சுயசித்திரம் எனக்குத் தெரியாது. அந்த ஆண்டின் இறுதியில் இந்தியா திரும்பினார். அஜந்தாவையும் தெற்கையும் பார்த்துவிட்டு 1937இல் மூன்று தென்னிந்திய ஓவியங்களைத் தீட்டினார். தன் உடலில் சோதித்த அந்தப் பழுப்பு, அவற்றில் ஒன்றான ‘பிரம்மச்சாரிகள்’ ஓவியத்தில் பிறருடைய தோலாகிறது.

பரோடாவில் வாழ்ந்த பூபேன் கக்கர் கணக்காளராகவும் வேலை பார்த்தவர். 1981இல் அவர் வரைந்த ‘எல்லாரையும் திருப்திப்படுத்த முடியாது’ லண்டன் டேட் சேகரிப்பில் உள்ளது. மாடத்தில் ஆடையின்றி நிற்கும் ஆண் அவரே. கீழே தெருவில் அப்பனும் மகனும் கழுதையும்: நாம் சிறுவயதில் கேட்ட அதே கதை, கட்டம் கட்டமாக நடக்கிறது. தன் ஒருபால் ஈர்ப்பை மறைக்காமல் வாழ முடிவுசெய்த மனிதர் அந்தக் கதையைத் தேர்ந்தார். ஊர் வாய்க்கு அஞ்சி ஆயுளைக் கழித்தவர்களுக்கு அந்த மாடத்தில் நிற்க எத்தனை தைரியம் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை.

பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா, புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் 2000–2004இல் உருவாக்கிய ‘தென்னிந்தியப் பூர்வீகப் பெண்கள்’ புகைப்படத் தொடரில் ரவி வர்மாவின் லட்சுமியாகிறார். சாட்டை ஏந்திய 1970களின் ஜெயலலிதாவாகிறார். மானுடவியலாளர்களின் கட்டம்போட்ட திரைக்கு முன் அளக்கப்படும் பழங்குடிப் பெண்ணாகிறார். சென்னை அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்த வரலாறு தெரிந்தவருக்கு அந்தப் படம் சுடும். இவை சுயசித்திரங்களா என்று ஐயுறுவோர் உண்டு. ஒவ்வொன்றிலும் இருப்பது வேறொருத்திதானே என்பது அவர்கள் வாதம். நான் ஏற்கவில்லை. தென்னாட்டில் ஒரு பெண்ணைப் பார்க்கும்போது கண்ணில் ஏற்கெனவே இருக்கும் சாமிப்படம், சினிமா, அளவுகோல் எல்லாவற்றையும் தன் உடலில் ஏற்றிக்காட்டுபவர், தான் எப்படிப் பார்க்கப்பட்டு வளர்ந்தார் என்பதையே நம்முன் வைக்கிறார். அது அவருடைய முகத்தைவிட அவருக்கு நெருக்கமானது.