அநுபவச் சாட்சியும் அதன் எல்லையும்

தாம் விலைகொடுத்து வாங்கி உபயோகித்த ஒரு பொருளைப் பற்றி, அது தேகப்பயிற்சிக் கருவியாயினும் மேனிக்குப் பூசும் மூலிகைத் தைலமாயினும், தமக்கு நேர்ந்த நன்மை தீமைகளைப் பிறருக்கு எடுத்துரைக்கும் வழக்கம் இக்காலத்தில் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. கடைக்காரரின் சொல்லையும் வைத்தியரின் சொல்லையும் கேட்பதற்கு முன்னரே, முகமறியாத ஒருவரின் அநுபவத்தைக் கேட்டுவிட்டுப் பொருள் வாங்குவோர் பெருகியிருக்கும் இந்நாளில், அந்தச் சாட்சி எவ்வளவு தூரம் நம்பத்தக்கது, எந்த இடத்தில் அது தன் அதிகாரத்தை மீறுகிறது என்று நிதானமாக ஆராய்வது அவசியமாகிறது. இவ்வாராய்ச்சியைத் தூத்துக்குடியிலிருந்து தொடங்குவதில் ஒரு பொருத்தம் உண்டு; பொருளின் தரத்தை மதிப்பிடும் வித்தை பல நூற்றாண்டுகளாகச் சோறு போட்ட ஊர் இது.

கொற்கைப் பாண்டியர் காலந்தொட்டு, 1961ஆம் ஆண்டில் கடைசி முத்துக்குளிப்பு நிகழ்ந்த வரையில், இக்கரையின் பெருஞ்செல்வம் கண்ணுக்குப் புலனாகாத கடலடிப் பார்களில் கிடந்தது. எந்தப் பாரில் சிப்பி முதிர்ந்திருக்கிறது, அதில் முத்து எவ்வளவு தேறும் என்று அறியாமல் முத்துக்குளிப்பை அறிவித்துவிட்டால், குளியாட்களும் தூரதேசத்திலிருந்து வந்து கூடும் வியாபாரிகளும் நஷ்டமடைவர். ஆகையால் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் பார்களை முதலில் சோதித்து, ஆயிரக்கணக்கான சிப்பிகளை மாதிரியாக எடுத்து, அவற்றை அழுகவிட்டுக் கழுவி முத்துக்களைப் பிரித்து, இருபது துளை முதல் ஆயிரம் துளை வரையுள்ள பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்துப் பருமனால் வகுத்து, பின்னர் வடிவும் நிறமும் ஒளியும் நோக்கி ஆணி, அனதாரி முதல் தூள் ஈறாகத் தரம் பிரித்து, தேர்ந்த மதிப்பாளர் விலை சொன்ன பின்னரே அறிவிப்பு வெளிவரும். ஒரு குளியாளுக்கு ஒரு நல்ல முத்து அகப்பட்டது என்பதற்காக எவரும் ஒரு பாரை வளமானதென்று பறைசாற்றியதில்லை. மாதிரி போதுமான அளவு இருக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரே சல்லடை வரிசையில் சலிக்க வேண்டும், கெட்டதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்னும் மூன்று நியதிகளும் அம்முறையில் அடங்கியிருந்தன. இன்றைய அநுபவ மதிப்புரைகளை எடைபோட இதனினும் நல்ல அளவுகோலை வெளியே தேட வேண்டியதில்லை.

சான்று கூறிப் பொருள் விற்கும் வழக்கம் புதியதன்று. யூஜின் சாண்டோ என்னும் பலசாலி 1889 முதலே மேல்நாட்டு மேடைகளில் தம் தேகக்கட்டால் பிரசித்தி பெற்று, 1904-05ஆம் ஆண்டுகளில் இந்தியாவுக்கும் வந்தார். அவருடைய பெயர் இந்நாட்டில் பலசாலிகளின் பட்டமாகவே மாறி, பின்னாளில் நம் திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னும் வந்து நின்றது. தம் நூல்களில் சீடர்களின் கடிதங்களையும் படங்களையும், மார்பும் புஜமும் இத்தனை அங்குலம் பெருத்தன என்னும் அளவுகளையும் அவர் வெளியிட்டார். உள்ளே வில் பொருத்திய கைப்பிடிக் குண்டுகளைத் தம் பெயரால் விற்கவும் செய்தார். அக்கருவி சந்தைக்கு வந்தது அவருடைய தேகம் உருவாகிப் புகழ்பெற்ற பிறகே என்பதை வாங்கியவர்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்கள்? காரணத்தையும் காரியத்தையும் இடம் மாற்றிக் காட்டும் இந்தத் தோஷம் அன்று முதல் இன்றுவரை இத்துறையை விட்டு அகலவில்லை.

வ. உ. சிதம்பரனார் 1906இல் இத்துறைமுகத்திலிருந்து சுதேசிக் கப்பல் ஓட்ட முனைந்த காலத்தின் உணர்ச்சியே பின்னர்ச் சவுக்காரத்திலும் வெளிப்பட்டது. விலங்குக் கொழுப்பின்றித் தாவர எண்ணெயால் செய்யப்பட்ட கோத்ரெஜ் சவுக்காரத்திற்கு ரவீந்திரநாத தாகூர் நற்சான்று அளித்தார். தேசாபிமானத்தின் பொருட்டு அளிக்கப்பட்ட அச்சான்றுக்கு ஒரு மகத்துவம் உண்டு. ஆயினும் மகாகவியின் பெருமை சவுக்காரத்தின் குணத்திற்குப் பிரமாணம் ஆகாது. 1941இல் நடிகை லீலா சிட்னிஸ் லக்ஸ் சவுக்காரத்தின் விளம்பரத்தில் தோன்றியதிலிருந்து, பிறவியழகைப் பொருளின் பலனாகக் காட்டும் முறை இங்கே நிலைபெற்றது. இம்மூவகைச் சான்றுகளுடன் ஒப்பிடும்போது, பெயரும் புகழும் இல்லாத சாதாரண உபயோகஸ்தர் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் வாங்கிப் பார்த்துச் சொல்லும் வார்த்தை மதிப்பில் உயர்ந்தது என்பதே என் அபிப்பிராயம். அதன் நிறைகளை முதலில் கூறுவதே நியாயம்.

உற்பத்தியாளருக்குத் தெரியாத விஷயங்கள் உபயோகஸ்தருக்குத் தெரியும். தூத்துக்குடியின் உப்புக்காற்றில் ஓர் இரும்புக் கருவி என்ன பாடுபடும் என்பதை எந்தத் தொழிற்சாலையின் கையேடும் சொல்வதில்லை. கடலை அடுத்த தெரு ஒன்றில் மாடியில் வைத்துப் பழகும் டம்பெல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள்: பளபளவென்ற குரோமிய முலாம் நடுவில் அப்படியே இருக்க, பிடி வழுக்காதிருக்கக் கீறிய சொரசொரப்பான வரிகளுக்குள்ளும், பிடி எடைத்தட்டோடு சேரும் விளிம்பிலும் முதலில் செம்புள்ளிகள் தோன்றும்; வியர்வையும் உப்பும் அவ்விடங்களிலேதான் தங்குகின்றன. ரப்பர் உறையிட்ட எடை இங்கே அதிக காலம் தாங்கும். ஓடுபொறியை வாங்குவோர் அதன் பட்டையைக் காட்டிலும் அடியிலுள்ள திருகாணிகளையே அடிக்கடி பார்க்க வேண்டும். இவ்வகை ஞானம் அநுபவத்தாலன்றி வாராது. கோயம்புத்தூரில் இருப்பவர் எழுதிய மதிப்புரை எவ்வளவு நேர்மையானதாயினும் இதைத் தரமாட்டாது. சங்கு குளிப்பவர் ஒருவர் தாம் அணியும் கண்ணாடி முகமூடியைப் பற்றியோ காலில் கட்டும் துடுப்புத் தகட்டைப் பற்றியோ சொல்லும் ஒரு வார்த்தைக்கு அத்தொழிலில் இருக்கும் மரியாதையும் இதனால் வந்ததே. தம் மூச்சையே பணயமாக வைத்துச் சோதித்த பொருளைப் பற்றி அவர் பேசுகிறார்.

இரண்டாவது நிறை சிறு உற்பத்தியாளரைச் சார்ந்தது. தேரிக்காட்டுக் கற்றாழையிலும் செக்கில் ஆட்டிய எண்ணெயிலும் சவுக்காரமும் தைலமும் செய்யும் மகளிர் சுயஉதவிக் குழுவினரிடம் விளம்பரத்திற்குச் செலவிடப் பணம் இல்லை. உபயோகித்தவர் சொல்லும் நல்ல வார்த்தையே அவர்களுக்கு முதலீடு. அன்றியும், கருநிறமும் சுருள்முடியும் உடைய நம் பெண்கள் பெருநிறுவனங்களின் விளம்பரங்களில் நெடுங்காலம் இடம் பெறவில்லை. அவர்களுக்கு எது ஒத்துக்கொள்கிறது என்பதை அவர்களே பேசத் தொடங்கியது ஒரு நல்ல சமூக மாறுதல். இந்நிறைகள் எல்லாவற்றையும் மனமார ஒப்புக்கொண்ட பின்னரே குறைகளைக் கூற முற்படுகிறேன்.

முதற் குறை, நேர்ந்ததைக் கூறும் அதிகாரத்திலிருந்து நேர்ந்ததன் காரணத்தைக் கூறும் அதிகாரத்திற்குத் தாண்டிவிடுவது. பிரசவத்திற்குப் பின்னும், கடுங்காய்ச்சலுக்குப் பின்னும் சில மாதங்களில் தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்வதும், பெரும்பாலோர்க்கு அது தானாகவே நின்று மறுபடி வளர்வதும் சரீர தர்மம். உதிர்வு உச்சத்தில் இருக்கும்போதே மனிதர் கலங்கித் தைலம் வாங்குகிறார். தைலம் தீர்வதற்குள் உதிர்வும் நிற்கிறது. கீர்த்தி தைலத்தைச் சேர்கிறது. முகப்பரு வந்து மறைவதும் இவ்வாறே. சங்கை நீர்விட்டு உரைத்துப் பருவின்மேல் பூசும் நம் வீட்டு வழக்கத்தால் உண்டாகும் குளிர்ச்சியும் உலர்வும் பொய்யல்ல; ஆனால் பூசாமலிருந்தால் அப்பரு எத்தனை நாளில் ஆறியிருக்கும் என்பது பூசியவருக்கு ஒருபோதும் தெரியாது. முத்துத்தூள் கலந்த களிம்புகளைப் பற்றிய புகழுரைகளும் இத்தகையவையே. முத்தும் சங்கும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்னும் ஒரே பொருளால் ஆனவை. சித்த வைத்தியத்தில் முத்துப் பற்பம் ஒரு மருந்தாக, புடமிட்டு, அளவறிந்து, வைத்தியரால் கொடுக்கப்படுவது; அந்தப் பெருமையைக் கடையில் விற்கும் முகப்பூச்சுக்கு ஏற்றிச் சொல்வது நியாயமாகாது. 1973இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இக்கரையில் முத்து வளர்ப்பில் வெற்றி கண்டபோது, ஒருவர் கையில் விளைந்த முத்து மற்றவர் கையிலும் விளையும்படியான செய்முறையை வகுத்ததனாலேயே அது அறிவாயிற்று. ஒருவருக்கு ஒருமுறை நேர்ந்தது அறிவின் தொடக்கமேயன்றி முடிவன்று.

இரண்டாவது குறை, பேசாதவர்களின் மௌனம். வாங்கிய கருவியைச் சில வாரங்களில் துணி காயப்போடும் கம்பமாக்கிவிட்டவர்கள் மதிப்புரை எழுதுவதில்லை. தைலத்தால் பலன் காணாதவர்கள் பெரும்பாலும் பேசாமல் வேறு தைலத்தைத் தேடிப் போய்விடுகிறார்கள். எழுதுவோரிலும் பலர் உற்சாகம் தணியாத முதல் வாரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். துரு பிடிப்பதும் பட்டை தளர்வதும் அதன் பின்னரே நிகழும். சல்லடையில் தூளை எறிந்துவிட்டு ஆணிமுத்தை மட்டும் காட்டி விலை சொல்வதற்கு இது ஒப்பாகும்.

மூன்றாவது குறையே எல்லாவற்றினும் பயங்கரமானது. ஏனெனில் அதில் சாட்சி பொய் சொல்வதேயில்லை. பாதரசம் கலந்த முகப்பூச்சு மேனியின் கருமையை உண்டாக்கும் நிறமியைத் தடுத்து நிறத்தை விரைவில் வெளிறச் செய்யும் வல்லமை உடையது. அதைப் பூசிய பெண் "இரண்டு வாரத்தில் நிறம் தெளிந்தது" என்று சொன்னால் அது அவர் கண்ட உண்மை. ஆனால் தோல் வழியே உட்சென்ற பாதரசம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும்போது அங்கிருந்து சாட்சி சொல்ல எவரும் இல்லை. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில், மலப்புறம் மாவட்டத்தில் 2023இல் இத்தகைய சிவப்பழகுக் களிம்புகளைப் பூசியவர்களிடையே சிறுநீரக நோய் கண்டறியப்பட்டதையும், அவ்வாண்டில் அம்மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் "ஆபரேஷன் சௌந்தர்யா" என்ற பெயரில் சோதனைகள் நடத்தியதையும் வாசகர்கள் அறிந்திருக்கலாம். கண்ணாடியில் தெரிவது பலன் மட்டுமே. அபாயம் தெரிய இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்பட வேண்டும்.

இயற்கையானது என்பதாலேயே தீங்கற்றது என்னும் நம்பிக்கையையும் இங்கே கண்டிக்க வேண்டியிருக்கிறது. கற்றாழை மடலை வெட்டியவுடன் வடியும் மஞ்சள் பால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். மடலை நிமிர்த்தி வைத்து அது முழுதும் வடிந்த பின், உள்ளிருக்கும் சோற்றைக் கழுவி எடுப்பதே முறை. எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் சென்றால் தோல் வெந்து நெடுநாள் நீங்காத கரும்படை விழும். உச்சிவெயிலில் வெண்மையான உப்பளத்தின் மீது பட்டெழும் ஒளியில் நின்று வேலை செய்யும் இவ்வூர்ப் பெண்களுக்கு, குளிர்ந்த அறையில் இருப்பவர் கூறும் எலுமிச்சை யோசனை எவ்வளவு கேடானது என்பதை எண்ணிப் பாருங்கள். உபதேசம் செய்பவரின் வாழ்க்கை நிலையும் கேட்பவரின் வாழ்க்கை நிலையும் வேறுபடுமிடத்தில், நல்லெண்ணமும் தீங்காக முடியக்கூடும்.

இனி, ஆதாயத்தைப் பற்றிய விஷயம். இலவசமாகப் பொருளைப் பெற்றுக்கொண்டு அதைச் சொல்லாமல் புகழ்பவர் சாட்சி என்ற ஸ்தானத்தை இழந்து விற்பனையாளராகிவிடுகிறார். நம் சட்டம் இதைக் கவனியாமல் இல்லை. மாயச் சிகிச்சை விளம்பரங்களைத் தடுக்க 1954ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்திற்குத் துணைபோவோர்க்குப் பத்து லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் வரையும் அபராதம் விதிக்க இடமளிக்கிறது. 2022 ஜூனில் வந்த நெறிமுறைகள் ஆதாயத் தொடர்பை வெளிப்படையாகத் தெரிவிக்கும்படி கட்டளையிடுகின்றன. எனினும் சட்டத்தின் கை எட்டுவது பெரிய மீன்களை மட்டுமே. தெருவுக்குத் தெரு பெருகியிருக்கும் சிறு சாட்சிகளைத் திருத்தக்கூடியது அவரவர் மனச்சாட்சியும், கேட்போரின் விவேகமுமே.

ஆகவே என் தீர்ப்பு இது. கருவியின் உறுதி, கைக்கு அடங்கும் தன்மை, துருப்பிடிக்கும் இடம், தைலத்தின் மணம், பிசுக்கு, விலைக்கேற்ற அளவு ஆகிய இவற்றில் உபயோகஸ்தரின் வாக்கே முதற்பிரமாணம். அதை மதித்துக் கேட்க வேண்டும். நோய் தீர்ந்தது, நிறம் மாறியது, மயிர் முளைத்தது, எடை இறங்கியது என்னும் விஷயங்களில் அவ்வாக்குக்கு எத்தகைய அதிகாரமும் இல்லை. அநுபவத்தை எழுதுவோர் எவ்வளவு காலம் உபயோகித்தார்கள், எந்த ஊரின் காற்றிலும் நீரிலும் உபயோகித்தார்கள், பொருள் விலைக்கு வந்ததா இலவசமாக வந்ததா என்பவற்றை முதலிலேயே கூறிவிடட்டும். நன்மையைச் சொல்லும் அதே இடத்தில் குறையையும் சொல்லட்டும். வாசிப்போர் புதிய பூச்சு எதையும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒருநாள் பொறுத்துப் பார்க்கட்டும். தயாரித்தவரின் பெயரும், உட்பொருள்களின் பட்டியலும், உரிம எண்ணும் அச்சிடப்படாத எந்தச் சிவப்பழகுக் களிம்பையும், நெருங்கிய உறவினரே புகழ்ந்து கொடுத்தாலும், தயவுசெய்து முகத்தில் இடாதிருக்கட்டும்.