இணைய நீதிமன்றத்தில் ஒரு ஐந்நூறு ரூபாய் வழக்கு

பக்கத்து வீட்டுத் தம்பி போன மாசம் போனைத் தூக்கிட்டு வந்தான். "அண்ணா, இந்த ஃபைனை எங்க பாக்கறது, எங்க கட்டறது?" வேற மாநிலத்து நகரம் ஒன்றில் சிக்னலை மீறியதாக ஒரு சலான். படத்தைத் திறந்து பார்த்தால் அதில் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது. இவன் ஓட்டுவது பைக். நம்பரில் கடைசி எழுத்தைக் கேமரா தப்பாகப் படித்திருக்கிறது. அன்றைக்கு அவன் செகண்ட் ஷிப்டில் இருந்திருக்கிறான். ஆனாலும் அவன் கேட்டது "எப்படிக் கட்டறது" என்று மட்டும்தான். அந்தக் கேள்விதான் இந்தக் குறிப்பை எழுத வைத்தது.

எங்கள் தொரப்பள்ளி, ஓசூர் பக்கம் பாதிப் பேருக்குப் பிழைப்பு எல்லைக்கு அந்தப் பக்கம். ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் ஹெல்மெட் இல்லாமல் மாட்டினால் 1,000 ரூபாய், அத்திப்பள்ளி தாண்டினால் 500. சட்டம் ஒன்றுதான், பிரிவும் 194டி தான். 2019 செப்டம்பரில் உயர்ந்த அபராதத்தைக் கர்நாடகா அதே மாதம் குறைத்துக்கொண்டது. தமிழ்நாடு 2022 அக்டோபரில் புதிய தொகைகளை அமல்படுத்தியது.

முதலில் தேடும் வழி. சலான் போட்டவுடன் அது இருப்பது மத்திய அரசின் இ-சலான் தளத்தில். சலான் எண், லைசென்ஸ் எண், அல்லது வண்டி எண்ணுடன் சேசிஸ் எண்ணின் கடைசி இலக்கங்கள் கொடுத்துத் தேடலாம். இந்தக் கட்டத்தில் கட்டுவது 200ஆம் பிரிவின்படி சமரசத் தொகை. கெடு தாண்டினால் வழக்கு இணைய நீதிமன்றத்துக்குப் போகும். 2019 ஜூலையில் டெல்லி தீஸ் ஹசாரியில் தொடங்கிய ஏற்பாடு இது. அங்கே முதலில் மாநிலத்தையும் துறையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு மொபைல் எண், பெயர், சலான் அல்லது வண்டி எண், சிஎன்ஆர் எண் என்று நான்கு வாசல்கள். நம்ம ஊர்க்காரர்கள் தடுமாறுவது அந்த முதல் படியில்தான். வண்டி டிஎன் 70 என்பதால் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வழக்கு இருப்பது சலான் போட்ட மாநிலத்தின் பட்டியலில். "பதிவு இல்லை" என்று வந்ததும் தப்பித்தோம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் சலான் என்று ஏபிகே ஃபைல் வந்தால் அது மோசடி. தொடவே வேண்டாம்.

வழக்கைக் கண்டுபிடித்த பிறகு இரண்டு தேர்வுகள் இருக்கும். அபராதத்தைக் கட்டுகிறேன், அல்லது வழக்கை எதிர்கொள்கிறேன். என் விமர்சனம் இங்கேதான். பார்க்க இரண்டும் சமமான பொத்தான்கள். முதலாவதை அழுத்தினால் ஓடிபி, யுபிஐ, ரசீது என்று ஐந்து நிமிடத்தில் வழக்கு முடிந்தது. இரண்டாவதை அழுத்தினால் வழக்கு அந்த எல்லைக்குட்பட்ட வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறுகிறது. சமன், வாய்தா, பஸ், லீவு எல்லாம் அதன் பின்னால் வரும். தம்பி கணக்குப் போட்டுப் பார்த்தான். ஒரு நாள் லீவு போட்டால் சம்பளமும் போகும், அந்த மாசத்து அட்டெண்டன்ஸ் இன்சென்டிவ்வும் போகும். ஒரே வாய்தாவில் முடியும் என்று யார் சொல்ல முடியும்? ஐந்நூறைக் கட்டிவிட்டான். அதாவது, செய்யாத குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டான்.

இது கம்ப்யூட்டர் கொண்டுவந்த கோளாறு இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 208ஆம் பிரிவைப் படித்தால் மூலம் தெரியும். நேரில் வராமலே, பதிவுத் தபாலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பணத்தை அனுப்பலாம் என்று சமனில் எழுதும் வழி அதில் இருக்கிறது. 1939 சட்டத்திலும் இப்படி ஒரு பிரிவு உண்டு. இணைய நீதிமன்றம் அந்தத் தபாலைத் திரைக்குக் கொண்டுவந்தது, அவ்வளவுதான். ஒப்புக்கொள்கிறவர்களுக்கு மட்டும் அன்றைக்குத் தபால், இன்றைக்கு யுபிஐ. மறுக்கிறவர்கள் அன்றைக்கும் இன்றைக்கும் நேரில்தான் போக வேண்டும்.

மறுப்பதற்கான விதிகளே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2021இல் வந்த 167ஏ விதி, கேமரா சலான்களுக்கான நோட்டீஸை 15 நாளுக்குள் அனுப்பச் சொல்கிறது. வண்டி எண் தெரியும் படம், நாள், நேரம், இடம், மின்னணுச் சாட்சியத்துக்கான சான்று எல்லாம் அதோடு இருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் நோட்டீஸ் வரும் வழி ஆர்சியில் பதிந்த மொபைல் எண்ணாக இருக்கும்போது, அது பழைய ஓனருடையதாகவோ தொலைந்த சிம்முடையதாகவோ இருந்தால் 15 நாள் எந்தக் கணக்கில் சேரும்? தம்பியின் எண்ணும் பழசுதான். போலீஸ் கட்டத்திலேயே புகார் கொடுத்துத் தீர்த்திருக்க வேண்டியதை அவன் பார்த்தபோது வழக்கு கோர்ட்டுக்குப் போயிருந்தது.

தள்ளுபடியையும் சொல்லணும். கர்நாடகா 2023 பிப்ரவரி 3 முதல் 11 வரை நிலுவை அபராதத்தில் பாதியைத் தள்ளுபடி செய்தது. வசூல் நூறு கோடியைத் தாண்டியது. 2025 ஆகஸ்ட், செப்டம்பரிலும் அதே சலுகை. நிலுவை குறையும், உண்மைதான். ஆனால் ஒழுங்காக அன்றைக்கே கட்டியவன் முழுசாகக் கட்டினான், இழுத்தடித்தவன் பாதி கட்டினான். தப்பாக மாட்டியவனுக்கும் கிடைத்தது பாதி விலைதான், விசாரணை இல்லை.

மறுப்பதையும் திரையிலேயே நடத்த முடியாதா? முடியும். கேரளத்தில் கொல்லத்தில் 2024 நவம்பரில் தொடங்கிய 24 மணி நேர இணைய நீதிமன்றம், செக் மோசடி வழக்குகளையே மனுவிலிருந்து விசாரணை வரை ஆன்லைனில் நடத்துகிறது. சிக்னல் வழக்கு அதைவிடச் சிக்கலானதா? ஸ்கூட்டர் படத்தையும் ஆர்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு மாஜிஸ்திரேட்டுக்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டையும் ஏற்றுகிற வசதியும், ஒரு வீடியோ நேரமும் இருந்தால் போதும்.

ராஜாஜி பிறந்த ஊர் என்றுதான் தொரப்பள்ளியைப் பலருக்குத் தெரியும். அவருடைய அப்பா இந்த ஊர் முன்சீப். கிராம முன்சீப் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டது. அந்த ஏற்பாட்டில் சாதியும் செல்வாக்கும் கலந்திருந்தன, அது திரும்ப வரணும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சின்ன வழக்கைச் சொல்ல பக்கத்திலேயே ஒரு திண்ணை இருந்தது. இன்றைக்கு நீதிமன்றமே தம்பியின் சட்டைப் பைக்குள் இருக்கிறது. அதில் பணம் கட்ட முடிகிறது. "அது என் வண்டி இல்லீங்க" என்று சொல்லத்தான் முடியவில்லை.

ஆர்சியில் உங்கள் மொபைல் எண் சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.