செய்ந்நன்றியும் மேலாளரும்: 11ஆம் அதிகாரம் மட்டும் போதுமா?

ஆசிரியர்களே, படிவம் 5 மாணவர்களே, 'செய்ந்நன்றி அறிதல்' பற்றிக் கட்டுரை கேட்டால் என்ன வருகிறது? பெற்றோர், ஆசிரியர், நண்பர், அப்புறம் வேலை கொடுத்த முதலாளி. நாலு பத்தி, ஒரு குறள், முடிஞ்சது! முதல் மூன்றில் சிக்கலில்லை. நாலாவதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

109ஆம் குறளை எடுங்கள். கொலைக்கு நிகரான தீங்கு செய்தவரே ஆனாலும், அவர் முன்பு செய்த ஒரு நன்மையை நினைத்தால் அந்தத் தீங்கு மறையும் என்கிறது. நண்பர்களுக்குள் இது அழகு. இதையே நம் தோட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கங்காணி தன் ஊருக்குப் போய் உறவினரையே ஆள் சேர்த்தார். முன்பணம் கொடுத்துக் கப்பலேற்றினார். உதவிதான். ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குத் தரகு. அந்த ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு வேறு. 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை இப்படித்தான் ஆள் வந்தது. "உன்னைக் கூட்டி வந்தது யாரு?" என்று கங்காணி கேட்டால், கூலி குறைந்தவர் என்ன பதில் சொல்வார்? 109 அவரை வாயடைக்கத்தான் பயன்படும்.

103ஆம் குறள் வேறு மாதிரி. என்ன பயன் கிடைக்கும் என்று எடைபோடாமல் செய்த உதவியைத்தான் அது கடலைவிடப் பெரிது என்கிறது. தலைக்காசு வாங்கிய உதவி இந்த அளவுகோலில் நிற்காது. நம் பயிற்சி நூல்கள் இதை ஏன் சேர்த்துப் பேசுவதில்லை?

ஜொகூரில் நம் பிள்ளைகள் பலர் சீனர் நிறுவனங்களில் வேலைக்குப் போகிறார்கள். சீனர் பண்பாட்டில் தயவுக்கு 'ரென்சிங்' என்று பெயர். பெற்றதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். கென்னத் லாவும் உடன் ஆய்வாளர்களும் சீனாவில் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், மேலாளரைப் பெருநாளில் போய்ப் பார்ப்பது, பிறந்தநாளுக்குப் பரிசு தருவது, கருத்து மோதலில் அவர் பக்கம் நிற்பது எல்லாம் நெருக்கத்தின் அளவுகோல்கள். அந்த நெருக்கம் பதவி உயர்விலும் ஊக்கத்தொகையிலும் எதிரொலித்தது. நம்ம ஆளுங்க மட்டும் விதிவிலக்கா என்ன!

இதற்கு உதவுவது 70ஆம் அதிகாரம், 'மன்னரைச் சேர்ந்தொழுகல்'. 691 தீக்காய்வாரைப் போல ரொம்ப ஒட்டாமலும் ரொம்ப விலகாமலும் பழகச் சொல்கிறது. பழைய உறவை நம்பித் தகாததைச் செய்தால் கேடு என்கிறது 700.

வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள்: மேலாளர் வீடு மாறும்போது சாமான் தூக்கிக் கொடுத்தவன், அடுத்த வாரம் அவர் போட்ட கணக்கில் பிழையைக் கண்டால் சொல்வானா? பதிலை 103, 109, 700 மூன்றையும் வைத்து எழுதச் சொல்லுங்கள்.