சோழபுரத்தில் செருப்பு யார் காலில்?

ரோமானியச் சிற்பத்தில் கவசம் போட்ட பேரரசர் என்றால் பெரும்பாலும் காலில் பூட்ஸ் இருக்கும். அது படைத்தலைவனின் அடையாளம். ஆனால் 1863இல் ரோம் பக்கத்தில், ப்ரீமா போர்ட்டாவில் கிடைத்த அகஸ்டஸ் சிலையைப் பாருங்க: மார்பில் கவசம், கீழே வெறுங்கால். அவரைத் தெய்வ நிலைக்கு உயர்த்தவே சிற்பி பூட்ஸைக் கழற்றினார் என்பது பலருடைய வாசிப்பு.

இதே அளவுகோலோடு அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் போனால் ஒத்துவராது. வடக்கு வாசல் பக்கத்துச் சண்டேச அனுக்கிரக மூர்த்தியில் சிவன், பார்வதி, சண்டேசர் எல்லாருக்கும் வெறுங்கால்தான். சண்டேசர் தலையில் சிவன் மாலை சுற்றுகிறார். இது ராஜேந்திரனுக்கே (1014–1044) நடக்கும் முடிசூட்டு என்பாரும் உண்டு. அப்படியென்றால் கங்கை வரை படை அனுப்பிய ராஜா தன்னை எங்கே உட்காரவைத்தார்? காலடியில். அதுவும், பூசைப் பாலை உதைத்த அப்பாவின் காலையே வெட்டிய சண்டேசர் இடத்தில்! இங்கே அதிகாரம் காலில் போட்டிருப்பதில் இல்லை. யார் காலடியில் இருக்கிறோம் என்பதில் இருக்கிறது.

‘கோயிலில் செருப்பு ஆகாது, அவ்வளவுதானே?’ என்று கேட்கலாம். அப்படியும் இல்லை. சோழர் கால பிட்சாடனர் பாதுகை போட்டிருப்பார். நம்ம சிற்பி செருப்பைக் கொடுத்தது ராஜாவுக்கு இல்லை, பிச்சைக்குப் போகும் சிவனுக்கு.