சாமுவேலின் மகன்கள்

2012 ஜனவரி 16, தென் கரோலினாவின் மிர்ட்டில் பீச். குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று முடிவு செய்வதற்கான விவாத மேடை. டெக்சாஸைச் சேர்ந்த 76 வயது கீழவை உறுப்பினர் ரான் பால் பேசுகிறார். வெளியுறவுக் கொள்கையிலும் பொன்விதியைக் கடைப்பிடித்துப் பார்க்கலாமே, பிறர் நமக்குச் செய்யக்கூடாது என்று நினைப்பதை நாம் பிற நாடுகளுக்குச் செய்யாமல் இருக்கலாமே என்கிறார். அரங்கம் ஊளையிடுகிறது. அந்த மாநிலத்தில் குடியரசுக் கட்சி முதற்கட்டத் தேர்தலில் வாக்களிப்பவர்களில் பெரும்பாலானோர் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் எவாஞ்சலிக்கக் கிறிஸ்தவர்கள். மலைப்பிரசங்கத்தில் கேட்டால் தலையாட்டும் வாசகம், மேடையில் கேட்டதும் கூச்சல். ஐந்து நாள் கழித்து நடந்த தேர்தலில் அவருக்குக் கிடைத்தது நான்காம் இடம்.

மென்பொருள் துறையில் இருக்கும் என் வயதுக்காரர்களுக்கு ரான் பால் என்ற பெயர் பெரும்பாலும் பிட்காயின் பேச்சின் வழியாக வந்திருக்கும். மத்திய வங்கியை ஒழி, தங்கத்துக்குத் திரும்பு, அவ்வளவுதான் அவர் என்று நினைத்துவிடுவோம். அவருடைய 'தி ரெவல்யூஷன்: எ மேனிஃபெஸ்டோ' (2008) நூலை முழுதாகப் படித்தால் வேறொரு ஆள் தெரிகிறார். லூதரன் வீட்டில் வளர்ந்து பின்னாளில் பாப்டிஸ்ட் ஆனவர். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் பார்த்த மகப்பேறு மருத்துவர். தன் விசுவாசத்தை ஓட்டுக்காகப் பயன்படுத்துவதுபோல் ஆகிவிடும் என்பதால் மேடையில் அதிகம் பேசுவதில்லை என்று 2007இல் எழுதியவர். நூலிலும் வேதாகமம் அதிகம் கிடையாது. ஆனால் அதன் வாதங்களுக்குப் பின்னால் கிறிஸ்தவம் நின்றுகொண்டேதான் இருக்கிறது.

நூலின் பலமான பகுதி போரைப் பற்றியது. 2002இல் ஈராக் போருக்கு அனுமதி தரும் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சிக் கீழவை உறுப்பினர்கள் ஆறே பேர். அதில் இவர் ஒருவர். ரஸ்ஸல் கிர்க், ராபர்ட் நிஸ்பெட், ரிச்சர்ட் வீவர் என்று பழைய பழமைவாதிகளையே சாட்சிக்கு அழைத்து, போர்வெறி பழமைவாதத்தின் இயல்பு இல்லை என்று காட்டுகிறார். தன் ஆட்களிடம் அவர்களுடைய பாட்டன்களின் கணக்குப் புத்தகத்தையே விரித்துக் காட்டும் இந்த உத்தி எனக்குப் பிடித்திருந்தது. இங்கே அவர் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கடினம். கருவிலிருக்கும் உயிருக்காகப் பேசுபவன் பாக்தாத்தில் குண்டு விழும்போது எப்படிக் கைதட்ட முடியும்? கருக்கலைப்பை எதிர்க்கும் அமெரிக்க அரசியல்வாதிகளில் இதை வாய்விட்டுக் கேட்டவர்கள் மிகக் குறைவு.

சரி, அரசைப் பற்றி? அவரைப் போன்ற சுதந்திரவாதக் கிறிஸ்தவர்களுக்குப் பிரியமான பகுதி 1 சாமுவேல் எட்டாம் அதிகாரம். அவரும் தன் உரைகளில் அதைக் கையாண்டிருக்கிறார். இஸ்ரவேலர்கள் தங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்று கேட்கிறார்கள். சாமுவேல் எச்சரிக்கிறார்: ராஜா உங்கள் மகன்களைத் தேரோட்டப் பிடித்துக்கொண்டு போவான், மகள்களைச் சமைக்க வைப்பான், நல்ல வயல்களை எடுத்துக்கொள்வான், விளைச்சலில் பத்தில் ஒன்று வாங்குவான். ஜனங்கள் கேட்கவில்லை. கட்டாய ராணுவம், நிலப்பறிப்பு, வரி என்று சுதந்திரவாதியின் மொத்தக் குற்றப்பத்திரிகையும் இதில் அடங்கிவிடுகிறது. பிரசங்கத்துக்கு அருமையான பகுதிதான்.

ஆனால் அந்த அதிகாரம் ராஜாவில் தொடங்குவதில்லை, சாமுவேலின் மகன்களில் தொடங்குகிறது. யோவேல், அபியா இருவரையும் அவர் நியாயாதிபதிகளாக வைக்கிறார். அவர்கள் லஞ்சம் வாங்கி நியாயத்தைப் புரட்டுகிறார்கள். அதைச் சொல்லித்தான் மூப்பர்கள் ராஜாவைக் கேட்டு வருகிறார்கள். மற்ற ஜாதிகளைப் போல நாமும் இருக்கவேண்டும் என்ற ஆசையும் இருந்தது, உண்மை. ஆனாலும் உள்ளூர் நியாயம் கெட்டுப்போனதால்தான் அந்தப் பேச்சே எழுந்தது. சாமுவேலின் எச்சரிக்கையை ஓதுபவர்கள் இந்த முதல் சில வசனங்களைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ரான் பாலின் அரசியலில் உள்ள பெரிய குறை எனக்கு இந்தக் குதிப்பில்தான் தெரிகிறது.

அவருக்கு அதிகாரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு ஆபத்து. வாஷிங்டன் ராஜா. மாநிலம், ஊர், குடும்பம், தேவாலயம் எல்லாம் நம்மவர்கள். ஆனால் அமெரிக்கத் தெற்கில் ஒரு நூற்றாண்டு கறுப்பினத்தவரை மிதித்த காலில் வாஷிங்டனின் செருப்பு இல்லை. அது மாநிலச் சட்டம், ஊர் ஷெரிஃப், மாவட்டப் பதிவாளர். அலபாமாவின் செல்மா இருக்கும் டல்லஸ் கவுண்டியில் 1960களின் தொடக்கத்தில், வயதுவந்த கறுப்பினத்தவரில் வாக்காளராகப் பதிவு பெற்றிருந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். 1965 மார்ச் 7 அன்று எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் தடியடி வாங்கியவர்கள் பிரவுன் சேப்பல் என்ற தேவாலயத்திலிருந்து புறப்பட்டு வந்தவர்கள். அவர்களும் வேதம் படித்த கிறிஸ்தவர்கள்தான். யோவேல்களையும் அபியாக்களையும் நேரில் பார்த்தவர்கள், ராஜாவிடம் போய் நின்றார்கள். அந்த ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

2004இல், 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் நாற்பதாம் ஆண்டைப் போற்றும் தீர்மானம் கீழவைக்கு வந்தபோது எதிர்த்து விழுந்தது ஒரே ஓட்டு. அது ரான் பாலுடையது. தனியார் சொத்தில் அரசு தலையிட்டது தவறு என்பது அவர் தரப்பு. கொள்கைப்படி சீராகத்தான் இருக்கிறது. ஆனால் உணவு விடுதியின் கதவு மூடியிருந்தது ஏதோ தனிமனிதரின் விருப்பத்தால் மட்டுமா? அந்தக் கதவைக் காவல் காத்தது மாநிலப் போலீஸ். அதையும் அரசு வன்முறை என்று எண்ணாத கணக்கு என்ன கணக்கு? எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அவர் பெயரில் வெளியான செய்திமடல்களில் இருந்த இனவெறிப் பத்திகள் 2008இல் பெரிய விவாதமாயின. தான் எழுதவில்லை என்று அவர் மறுத்தார். அதை ஒதுக்கி வைத்துவிட்டேகூட இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

தர்மம் பற்றிய அவர் வாதமும் இதே தளத்தில்தான் வழுக்குகிறது. அரசு மருத்துவக் காப்பீடு வருவதற்கு முன் மருத்துவர்களும் தேவாலயங்களும் ஏழைகளைப் பார்த்துக்கொண்டார்கள் என்கிறார். அவர் தன்னளவில் அப்படி நடந்தவர்தான்; அரசுக் காப்பீட்டுப் பணத்தை வாங்காமல் குறைந்த கட்டணத்துக்கோ இலவசமாகவோ பார்த்திருக்கிறார். நல்ல மனிதர் தன் நல்லதனத்தை நாட்டுக்கே பொது விதியாக எழுதிவிடுகிறார், சிக்கல் அதுதான். 2008இல் அவருடைய பிரச்சாரத்தை நடத்தியவரே காப்பீடு இல்லாமல் நிமோனியாவில் இறந்தார். மருத்துவமனை பில் 4 லட்சம் டாலர். நண்பர்கள் நன்கொடை திரட்டினார்கள். ஒரே நாளில் 60 லட்சம் டாலர் சேர்த்த இயக்கம் அது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இனி வாக்கு. நூலின் முதல் அத்தியாயமே அமெரிக்க அரசியல் தரும் தேர்வுகள் போலியானவை என்பதுதான். இரண்டு தீமைகளில் சின்னதைத் தேர்ந்தெடு என்று சொல்லும் ஏற்பாட்டுக்கு ஏன் கட்டுப்படவேண்டும்? 2008 செப்டம்பரில் அவர் மக்கெய்னை ஆதரிக்க மறுத்து, செய்தியாளர்களைக் கூட்டி, மூன்றாம் கட்சிகளில் யாருக்காவது போடுங்கள் என்றார். பிறகு கான்ஸ்டிடியூஷன் கட்சியின் சக் பால்ட்வின் என்ற பாப்டிஸ்ட் போதகரை ஆதரித்தார். இதில் வாக்கு ஒரு கருவி இல்லை, சாட்சி. யார் ஜெயிக்கிறார் என்பது தேவன் பாடு, யாருக்குப் போட்டேன் என்பது என் மனசாட்சியின் பாடு.

இந்த நிலைப்பாட்டை மதிக்கிறேன். ஆனால் அமெரிக்கத் தேர்தல் ஏற்பாடு அதை மதிப்பதில்லை. மெய்ன், நெப்ராஸ்கா தவிர எல்லா மாநிலங்களிலும் முதலில் வருபவருக்கு மொத்த எலெக்டர்களும் போய்விடுகிறார்கள். 2000இல் ஃப்ளோரிடாவை முடிவு செய்தது 537 ஓட்டு. அங்கே நேடர் வாங்கியது 97 ஆயிரத்துக்கும் மேல். 2020இல் ஜார்ஜியாவில் பைடனின் முன்னிலை 12 ஆயிரத்துக்கும் குறைவு, லிபர்டேரியன் வேட்பாளர் ஜோ ஜோர்கென்சன் பெற்றது 62 ஆயிரத்துக்கும் மேல். சாட்சி சொன்ன ஓட்டும் ஏதோ ஒரு பக்கம் எடை போட்டுவிடுகிறது, போட்டவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.

இதற்குத் தப்பவேண்டுமென்றால் டேவிட் லிப்ஸ்கம் போன வழியில் போகவேண்டும். டென்னசியில் உள்நாட்டுப் போரின் பிணங்களுக்கு நடுவே வாழ்ந்தவர். சர்ச்சஸ் ஆஃப் கிரைஸ்ட் மரபின் போதகர். கிறிஸ்தவன் போருக்குப் போகக்கூடாது, பதவி ஏற்கக்கூடாது, ஓட்டும் போடக்கூடாது என்று வாதிட்ட 'சிவில் கவர்ன்மென்ட்' நூலை 1889இல் வெளியிட்டார். வாளை எடுக்காதவன் வாளை எடுக்க ஆள் அனுப்பவும் கூடாது என்பது அவர் கணக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. செல்மாவில் பிறந்திருந்தால் லிப்ஸ்கம் அப்படி எழுதியிருக்கமாட்டார் என்று தோன்றுகிறது. ஆனாலும் அவர் வாதம் முழுசு. ரான் பாலோ ராஜாவை வேண்டாம் என்று சொல்ல ராஜசபைக்கே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் போனவர். கருக்கலைப்பை மாநிலங்களுக்கு விடவேண்டும் என்றவர், தாமதக் கருக்கலைப்பில் ஒரு முறையைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டத்துக்கு 2003இல் ஆம் என்று ஓட்டுப் போட்டார். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு உயிர் போகிறது என்று உண்மையிலேயே நம்பும்போது அவரும் ராஜாவிடம்தான் போய் நிற்கிறார். செல்மாக்காரர்களுக்கும் அதே நியாயத்தைக் கொடுத்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

2012 ஆகஸ்டில் கட்சி மாநாட்டில் பேச இடம் கொடுத்தார்கள். உரையை முன்கூட்டிக் காட்டவேண்டும், ராம்னியை முழுமனதாக ஆதரிக்கவேண்டும் என்பது நிபந்தனை. மறுத்துவிட்டார். அந்த நவம்பரில் கீழவையில் விடைபெற்றுப் பேசியபோது, வழக்கமான அளவுகோலின்படி தான் சாதித்தது மிகக் குறைவு என்று தானே ஒப்புக்கொண்டார். அறுநூறுக்கும் மேற்பட்ட மசோதாக்கள் கொண்டுவந்தவர். அதில் சட்டமானது ஒன்று. டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில் அரசுக்குச் சொந்தமான ஒரு பழைய சுங்கக் கட்டடத்தை அங்குள்ள வரலாற்று அமைப்புக்கு விற்க அனுமதிக்கும் சட்டம்.