இரவல் ஃபார்மட்டில் ஒரு கோடி

வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகளை அடுக்கி, ராக விஸ்தாரத்துக்கும் பல்லவிக்கும் அளவோடு இடம் கொடுத்து, துக்கடாக்களில் முடிவது இன்றைய கச்சேரி. இந்த ஒழுங்கை நிலைநாட்டியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). அவரது ஊரான அரியக்குடிக்குப் பக்கத்திலுள்ள காரைக்குடியில் 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் பட்டிமன்றத்தை வளர்த்தெடுத்தது. இந்த இரண்டு வடிவங்களையும் யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம், காசு கேட்பாரில்லை. தொலைக்காட்சி கேம் ஷோவின் கணக்கு வேறு. அங்கே ‘ஃபார்மட்’ என்பதே விலைச்சரக்கு. அதை இரவல் வாங்கி நடத்துவதன் லாபமும் நஷ்டமும் நிகழ்ச்சித் தயாரிப்பு நிறுவனமான பிக் சினர்ஜியின் வரலாற்றில் தெளிவாகத் தெரிகின்றன.

1985-இல் தூர்தர்ஷனில் ‘க்விஸ் டைம்’ நடத்திப் பெயரெடுத்தவர் சித்தார்த்த பாசு. அவர் தொடங்கிய சினர்ஜி நிறுவனம், பிரிட்டனின் செலடோர் நிறுவனம் 1998-இல் ஐடிவி சேனலுக்காக உருவாக்கிய ‘ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ நிகழ்ச்சியை 2000-இல் ‘கோன் பனேகா குரோர்பதி’ ஆக்கியது. பின்னர் ரிலையன்ஸ் பங்கு வாங்க, அது பிக் சினர்ஜி ஆனது. 2012-இல் விஜய் டிவியில் சூர்யா நடத்திய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’யும் இதே வழியில் வந்ததுதான்.

இரவல் என்பதற்காக இதை ஒதுக்கிவிட முடியாது. கேள்வி ஏறுவரிசை, உயிர்காக்கும் உதவிகள், நடுவில் பாதுகாப்பான படிகள், இசை, விளக்கொளி எல்லாமே முன்கூட்டி வகுக்கப்பட்டவை. தொகுப்பாளர் நினைத்தால்கூட விதியை வளைக்க முடியாது. போட்டியாளர் யாராயிருந்தாலும் ஏணி ஒன்றே. 2020-இல் கலர்ஸ் தமிழின் ‘கோடீஸ்வரி’யில் தொகுப்பாளர் ராதிகா எதிரே அமர்ந்த மதுரைப் பெண் கௌசல்யா கார்த்திகாவால் கேட்கவோ பேசவோ இயலாது. உதட்டசைவைப் படித்தே கேள்விகளைப் புரிந்துகொண்டு ஒரு கோடியை வென்றார். சிபாரிசும் நாவன்மையும் எடுபடாத அந்தக் கறார்தான் ஃபார்மட்டின் ஆகப் பெரிய பலம்.

அந்தக் கறாரே குறையும் ஆகிறது. நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டால் போதும், ‘ஏன்’ என்று யாரும் கேட்பதில்லை. பட்டிமன்றத்தில் தோற்ற அணியின் வாதத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இங்கே தவறான விடைக்கு மதிப்பே இல்லை. விடையை லாக் செய்ததும் இசை ஏறுகிறது, உடனே விளம்பர இடைவேளை. பதற்றம்தான் விற்பனைக்கு.

அடுத்தது, நேயரின் பையில் கை வைக்கும் வழக்கம். 2007-இல் குரோர்பதியோடு நடந்த எஸ்எம்எஸ் போட்டியில் ஒரு செய்திக்கு 2.40 ரூபாய் கட்டணம். இதை நியாயமற்ற வணிகம் என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம், அப்போது நிகழ்ச்சியை ஒளிபரப்பிய ஸ்டார் இந்தியா, எஸ்எம்எஸ் சேவை தந்த ஏர்டெல் இரண்டுக்கும் சேர்த்து ஒரு கோடி ரூபாய் அபராதம் விதித்தது. போதிய ஆதாரமில்லை என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டப்படி விவகாரம் முடிந்துவிட்டது. ஆனால், பரிசுப் பணம் யார் கையிலிருந்து வருகிறது என்று நேயருக்குத் தெரியவேண்டும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானதே.

பெரிய நஷ்டம் தயாரிப்பாளருக்குத்தான். ஸ்டாரிலிருந்து சோனிக்கு மாறியிருந்த குரோர்பதி, 2019-இல் சோனியின் சொந்தப் பிரிவான ஸ்டுடியோ நெக்ஸ்ட்டின் கைக்குப் போயிற்று. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சேர்த்த கைத்திறன் சினர்ஜியிடம் இருந்தது. நிகழ்ச்சி அதனிடம் இல்லை. குத்தகை நிலத்தில் எத்தனை போகம் எடுத்தாலும் பட்டா நம் பெயருக்கு மாறாது.

அப்படியானால் எல்லாம் பொதுச்சொத்தாக இருந்துவிடலாமா? அதிலும் சிக்கல் உண்டு. வெறும் கருத்துக்குக் காப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-இலேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே புதிதாக ஒரு விளையாட்டை யோசிக்கும் சிறு கம்பெனியிடமிருந்து சேனல் அதைச் சுலபமாக உருவிக்கொள்ளலாம். உரிமம் வாங்கும் நிறுவனம் யோசனைக்கு மட்டும் பணம் தருவதில்லை. பெயர், இசை, மென்பொருள், பலமுறை சோதித்த விதிப்புத்தகம் ஆகியவற்றுக்கும் சேர்த்தே தருகிறது.

தமிழ்த் தயாரிப்பாளர்கள் கற்கவேண்டியது இதைத்தான். நம் வீடுகளின் நாடி அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ராதிகாவின் ராடான் நிறுவனம் தயாரித்த ‘தங்க வேட்டை’ பணத்துக்குப் பதில் தங்கத்தை முன்வைத்ததே அதற்குச் சான்று. குறைவது எழுதி வைக்கும் பழக்கம். கேள்வி தேர்வது முதல் கேமரா நகர்வு வரை தம் விளையாட்டை ஒரு கையேடாக எழுதிப் பதிவுசெய்பவருக்கே நாளை அதை வெளியே விற்கும் வாய்ப்பு உண்டு. அதுவரை நம்மவர் திறமைக்குக் கிடைப்பது கூலி மட்டுமே.