கண்ணுக்குப் பயிற்சி தந்தால் ஆட்டம் சிறக்குமா?

1962 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிராகச் சென்னையில் நடந்த டெஸ்ட் ஆட்டத்தில் பட்டோடி 103 ஓட்டங்கள் எடுத்தார். அதற்கு ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன்புதான் ஒரு கார் விபத்தில் அவர் வலக்கண் பார்வையை இழந்திருந்தார். மட்டை வீரருக்குக் கழுகுக் கண் வேண்டும் என்று நம்பும் நமக்கு இது வியப்பையே தருகிறது. ஒருவரின் வாழ்க்கையைக் கொண்டு கண் தேவையில்லை என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் ஆட்டத்தில் கண்ணைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் வேலை செய்கிறது என்ற ஐயம் எழுகிறதல்லவா?

இன்று விளையாட்டு வீரர்களுக்கெனக் கண் பயிற்சிகள் பல வந்துள்ளன. பலகையில் அங்குமிங்கும் எரியும் விளக்குகளை விரைந்து தொடுதல், நூலில் கோத்த மணிகளை ஒவ்வொன்றாக உற்று நோக்குதல், விட்டுவிட்டு இருளும் கண்ணாடியை அணிந்து பந்து பிடித்தல் என இவை பல வகைப்படும். அசையும் பொருளைத் தெளிவாகக் காணும் திறனை, அதாவது இயக்கப் பார்வையை, வளர்த்தால் ஆட்டமும் வளரும் என்பது இவற்றை விற்போரின் வாதம். இந்த வாதம் நிற்குமா என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சிறு சோதனை. 30 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்றை நண்பர் மேல் முனையில் பிடித்துத் தொங்கவிடட்டும். கீழே பூஜ்யக் குறிக்கு நேராக உங்கள் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் அளவுகோலைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் விடும்போது சட்டென்று பிடியுங்கள். 20 சென்டிமீட்டர் குறியில் பிடித்தால் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் 0.2 வினாடி. பத்துப் பதினைந்து முறை செய்தால் சற்று முன்னதாகவே பிடிக்கத் தொடங்குவீர்கள். அதற்குள் உங்கள் கண் கூர்மையாகிவிட்டதா? இல்லை. சோதனை உங்களுக்குப் பழகிவிட்டது, அவ்வளவே. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கண் பயிற்சிக்கு ஆதரவாகப் பெரிதும் எடுத்துக் காட்டப்படுவது, அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகப் பேஸ்பால் அணியைப் பற்றி 2012இல் வெளிவந்த ஆய்வு. 2010இல் 0.251 ஆக இருந்த அவ்வணியின் மட்டைச் சராசரி, ஆறு வாரக் கண் பயிற்சிக்குப் பின் 2011இல் 0.285 ஆக உயர்ந்தது. எண்கள் உண்மையானவையே. ஆனால் அதே அணியில் பயிற்சி பெறாத ஒரு பகுதியினரை ஒப்பீட்டுக்கென ஒதுக்கி வைக்கவில்லை. மற்ற அணிகளின் சராசரியோடு மட்டுமே ஒப்பிட்டார்கள். வீரர்களுக்கு ஓராண்டு அனுபவம் கூடியது, புதியவர் சேர்ந்தது, ‘நமக்குச் சிறப்புப் பயிற்சி கிடைத்திருக்கிறது’ என்ற ஊக்கம் பிறந்தது ஆகிய இவற்றில் எது ஓட்டங்களைத் தந்தது? பிரித்தறிய வழியில்லை.

அந்த வழியை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அபர்நெதியும் உட்டும் முன்னரே கையாண்டிருந்தனர். 2001இல் வெளிவந்த அவர்களது ஆய்வில் 40 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். இரு குழுக்களுக்கு இருவகைக் கண் பயிற்சி. மூன்றாம் குழு டென்னிஸைப் பற்றிப் படித்தது. தொலைக்காட்சியில் டென்னிஸ் பார்த்தது. நான்காம் குழுவுக்கு இவை எதுவும் இல்லை. நான்கு வாரங்கள் கழித்துச் சோதித்தபோது சில அளவுகளில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அது எல்லாக் குழுக்களிலும் தெரிந்தது! கண் பயிற்சி பெற்றோர் மற்றவர்களைவிட மேம்படவில்லை. உங்கள் அளவுகோல் சோதனையில் நடந்ததும் இதுதான்.

அப்படியானால் சிறந்த வீரரிடம் இருப்பது என்ன? மெக்லியோடு என்ற ஆங்கிலேய உளவியலார் 1987இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு குறிப்புத் தருகிறது. ஆடுகள விரிப்பின் அடியில் மெல்லிய மரக்குச்சிகளை வைத்து, குத்திய பந்து எப்பக்கம் திரும்பும் என்று யாரும் ஊகிக்க முடியாதபடி செய்தார். சர்வதேச மட்டை வீரர்களுக்கும் ஆட்டத்தை மாற்றிக்கொள்ள ஏறத்தாழ 0.2 வினாடி தேவைப்பட்டது. உங்களுக்கும் எனக்கும் ஆகும் நேரம்தான் அது!

2000இல் லேண்டும் மெக்லியோடும் மூன்று மட்டை வீரர்களின் விழி அசைவைப் படம் பிடித்தனர். பந்தை வழியெல்லாம் பின்தொடர்ந்தவர் எவரும் இல்லை. பந்து புறப்பட்டதும் சிறிது பார்த்துவிட்டு, அது குத்தப்போகும் இடத்துக்குக் கண்ணை முன்கூட்டியே தாவவிட்டுக் காத்திருந்தனர். திறமை மிக்கவரின் கண் விரைவில் தாவியது. எங்கே குத்தும் என்று அதற்குச் சொன்னது எது? ஆயிரக்கணக்கான பந்துகளை ஆடிச் சேர்த்த அனுபவ அறிவே. வேகப்பந்து மட்டையை அடைய அரை வினாடிதான் ஆகிறது. அதில் 0.2 வினாடியைக் கழித்தால் எஞ்சுவது எவ்வளவு என்று கணக்கிட்டால், இந்த முன்னறிவின் அருமை விளங்கும்.

கண் பயிற்சியால் ஒருவருக்கும் ஒரு பயனும் இல்லை என்று நாம் சொல்லவில்லை. விட்டுவிட்டு இருளும் கண்ணாடியால் சில பார்வைச் சோதனைகளில் முன்னேற்றம் கண்டதாக 2011இல் ஓர் ஆய்வு கூறியது. ஆனால் சோதனை அறையில் முன்னேறுவது வேறு, திடலில் முன்னேறுவது வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றுக்குப் பணம் கேட்பது முறையன்று.

ஆகவே, பந்து மங்கலாகத் தெரிந்தால் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். தேவையானால் கண்ணாடி அணிந்து ஆடுங்கள். கண் நன்றாக இருந்தால், பயிற்சிக் கருவிக்குச் செலவிடும் பொழுதைத் திடலில் செலவிடுங்கள். வீச்சாளரின் கையையும் மணிக்கட்டையும் கூர்ந்து பாருங்கள். யாரேனும் புதிய பயிற்சியைப் புகழ்ந்து பேசினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “பயிற்சி பெறாதவர்கள் எவ்வளவு முன்னேறினார்கள்?”